செட்டு கேடாக்கும்!

போன சனிக்கிழமை ராத்திரி பேஸ்மென்ட்டில் சால்டரிங் அயனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். வெளியே மிச்சிகன் பனி. "வீடு முழுக்க இது என்ன நாத்தம்?" என்று மேலேயிருந்து தங்கமணியின் குரல். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பாறசாலையில் அம்மா கேட்டதும் இதே கேள்விதான். அன்றைக்கும் இன்றைக்கும் பதில் ஒன்றே: கிடாருக்கு ஒரு பெட்டி செய்கிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் கிடார் வாசிக்கிறாள். கடையில் வாங்கின டிஸ்டார்ஷன் பெடலை ஒருநாள் திருப்புளியால் திறந்துவிட்டாள். உள்ளே ஒரு ஐசி, கொஞ்சம் ரெசிஸ்டர், கண்டன்சர், இரண்டு டயோடு. "இவ்வளவுதானா?" என்றாள். "இதை நான் உன் வயசு தாண்டின கொஞ்ச நாளிலேயே செஞ்சிருக்கேன்" என்றேன். நம்பவில்லை. அவளுக்காகக் கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுற்றுகிறேன். அவளிடம் இதுவரை சொல்லாத ஒரு பகுதியும் இதில் இருக்கிறது.

முதலில் ஊர். 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாறசாலை அந்தத் தாலுகாவின் தெற்கு ஓரம். கொஞ்சம் தெற்கே நடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. அப்பா வீடு இந்தப் பக்கம், அம்மா வீடு அந்தப் பக்கம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். நாங்கள் வாயைத் திறந்தால் நாகர்கோவில்காரன் "என்னடே மலையாளம் பறையுதே" என்பான், திருவனந்தபுரத்துக்காரன் "பாண்டி" என்பான். இரண்டு பேருக்கும் எங்கள் பேச்சு கேடு வந்த ரேடியோ மாதிரி.

கேடு என்றதும் பெடலின் சரித்திரம் ஞாபகம் வருகிறது. அந்தச் சரித்திரமே பழுதுகளின் சரித்திரம்தான்.

1951ல் மெம்ஃபிஸ் நகரத்தில் 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்யப் போனார்கள். போகிற வழியில் ஆம்ப்ளிஃபயருக்கு அடிபட்டு ஸ்பீக்கர் கெட்டுப்போனது. உள்ளே காகிதத்தைத் திணித்து வாசித்ததாகச் சொல்வார்கள். கரகரத்த அந்தக் கிடார் அப்படியே தட்டில் ஏறியது. 1958ல் லிங்க் ரே, 'ரம்பிள்' பாட்டுக்காகப் பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். 1964ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் கோனை ரேசர் பிளேடால் கீறினார்.

இவற்றுக்கு நடுவில் நாஷ்வில்லில் நடந்ததுதான் முக்கியம். மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பதிவில், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடார் வந்த சேனல் பழுதாகி, தேனீக்கூட்டம் மாதிரி இரைந்தது. அதை அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். 1961ல் பாட்டு பெரிய ஹிட். "அந்தச் சத்தம் எங்களுக்கும் வேண்டும்" என்று மற்றவர்கள் கேட்டு வர, பழுதான சேனலோ அதற்குள் முழுதாகச் செத்துவிட்டது. பொறியாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்பவருடன் சேர்ந்து டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அந்தப் பழுதையே வேண்டும்போது வரவழைக்கும் ஒரு சர்க்யூட் செய்து, கிப்சன் கம்பெனிக்குக் கொடுத்தார். 1962ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதில் மூன்று ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். கடைகளில் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியை 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' எழுப்பிவிட்டது. அங்கேயும் கீத் ரிச்சர்ட்ஸ் நினைத்தது பின்னால் ஊதுகருவிகள் வாசிக்கவேண்டிய இடத்துக்கு ஒரு மாதிரி மட்டுமே. அந்த மாதிரியே நிரந்தரமாகிவிட்டது.

இந்தியாவுக்கும் இந்தச் சத்தம் சீக்கிரமே வந்தது. 1970, 71ல் நடந்த சிம்லா பீட் போட்டிகளின் இசைத்தட்டுகளைக் கேளுங்கள், ஃபஸ் கிடார் இரையும். கொச்சியில் 1977ல் 13ஏடி தொடங்கியது. ஆனால் வெளிநாட்டுச் சாமான்கள் சாமானியன் கைக்கு எட்டாத காலம் அது. பெடல் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் நீயே செய்துகொள்ள வேண்டும்.

செய்துகொள்ள வழி இருந்தது, அதுதான் அழகு. பெங்களூரில் 1954ல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ், ரேடியோக்களுக்காக ஏசி128 மாதிரி ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களையும் ஓஏ79 டயோடுகளையும் செய்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்த ஃபஸ் ஃபேஸ் பெட்டிகளைத் திறந்தால், சிலவற்றில் இருப்பது இதே ஏசி128 வகைதான்! எங்கள் பக்கத்தில் கெல்ட்ரான் 1973ல் வந்தது, கண்ணூரில் கண்டன்சர் செய்தார்கள். லண்டனில் அவர்கள் எதை வைத்துச் செய்தார்களோ அதன் சகோதரங்கள் எங்கள் ஊர் ரேடியோ கடைக் குப்பையில் கிடந்தன. எங்களுக்குத்தான் தெரியாது.

எனக்குத் தெரியவந்தது 1989ல். திருவனந்தபுரத்தில் பாலிடெக்னிக் படித்த நண்பன் ஒருவன் நோட்டுத் தாளில் ஒரு சர்க்யூட் வரைந்து கொண்டுவந்தான். அது எம்எக்ஸ்ஆர் கம்பெனியின் டிஸ்டார்ஷன் பிளஸ் என்று பிறகு அமெரிக்கா வந்துதான் கண்டுபிடித்தேன். ஒரு 741 ஐசி, இரண்டு ஜெர்மேனியம் டயோடு. ஐசிக்குச் சாலை பஜார் போனோம். டயோடுக்கு எங்கள் ஊர் மைக் செட்டு அண்ணனிடம் போனேன்.

அண்ணன் பகலில் ரேடியோ ரிப்பேர், ராத்திரி மைக் செட். கல்யாணம், கோயில் கொடை, பள்ளிப் பெருநாள், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் ஆம்ப்ளிஃபயர்தான். பழைய ரேடியோவிலிருந்து இரண்டு ஓஏ79ஐக் கழற்றித் தந்துகொண்டே கேட்டார்: "மக்களே, ஆயுசு முழுக்க நான் கரகரப்பு இல்லாம இருக்கணும்னு பாடுபடுதேன். நீ அதை உண்டாக்கணும்னு பாடுபடுதே. உனக்கு என்னவாக்கும் கேடு?"

வேலை செய்யும் விதம் எளிது. கிடாரிலிருந்து வருவது வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு போல. 741 அதை இருநூறு மடங்கு வரை பெருக்கப் பார்க்கும். பேட்டரியோ 9 வோல்ட், அதனால் அலை முகட்டில் முட்டும். அதற்குப் பிறகு இரண்டு டயோடும் எதிரெதிராகத் தரைக்கு நிற்கின்றன. ஜெர்மேனியம் 0.3 வோல்ட்டுக்கு மேலே போனதையெல்லாம் கீழே ஓடவிடும். மலையுச்சியை வெட்டி மைதானம் ஆக்கியது மாதிரி அலையின் தலை தட்டையாகும். வெட்டின இடத்தில் புதிய மேலொலிகள் பிறக்கும். நம் காதுக்கு அதுதான் கரகரப்பு.

காலால் மிதிக்க சுவிட்ச் கிடைக்கவில்லை. களியக்காவிளை ஒர்க்‌ஷாப்பில் அம்பாசடர் காரின் டிப் சுவிட்ச் ஒன்று கிடைத்தது. பழைய வண்டிகளில் ஹெட்லைட்டைத் தாழ்த்த டிரைவர் இடது காலால் மிதிப்பாரே, அது. ஒரு மிதிக்கு ஒரு வழி, மறு மிதிக்கு மறு வழி. பெடலுக்கென்றே செய்தது போல! பெட்டிக்கு பிஸ்கட் டின்.

முதல்நாள் ஆன் செய்தோம். பிஸ்கட் டின்னிலிருந்து திருவனந்தபுரம் ஆகாசவாணியின் மலையாளச் செய்தி வந்தது. ஜெர்மேனியம் டயோடுக்குப் பூர்வீகத் தொழில் ரேடியோ பிடிப்பது, விட்டுவிடுமா? ஷீல்டு ஒயர் போட்டு, டின்னைத் தரையோடு இணைத்து, நுழைவாயிலில் ஒரு குட்டிக் கண்டன்சர் வைத்த பிறகுதான் செய்தி நின்றது.

அடுத்து, கீழ் ஸ்வரங்கள் மெலிந்து கேட்டன. 0.047 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரைக் கழற்றி 0.22 போட்டேன். தடிப்பு வந்தது, கூடவே சேறு மாதிரி குழம்பியது. 0.1ல் நின்றேன். பிறகு ஓஏ79க்குப் பதில் சிலிக்கன் டயோடு போட்டுப் பார்த்தேன். அது 0.6 வோல்ட்டில்தான் வெட்டும். சத்தம் கூடியது, ஆனால் தகரத்தைக் கீறுவது போல இருந்தது. கடைப் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், "ஒரு பக்கம் பழையது, ஒரு பக்கம் புதியது போட்டுப் பாரு" என்றார். போட்டேன். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு வெட்டு. கிடார் தொண்டை கட்டின மனுஷன் மாதிரி பாடியது. இரண்டு பக்கமும் சமமாக வெட்டினால் ஒற்றைப்படை மேலொலிகள்தான் வரும், கோணலாக வெட்டினால் இரட்டைப்படையும் சேரும் என்பதைப் பிறகு புத்தகத்தில் படித்தேன். அண்ணன் காதாலேயே சொன்னார்.

அந்த டிசம்பரில் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கானமேளா. எங்கள் குழு, அண்ணனின் செட். மூன்றாவது பாட்டில் நான் டிப் சுவிட்சை மிதித்தேன். குழாய் ஸ்பீக்கர்களில் அந்தச் சத்தம் வந்ததும் முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்தினார்கள். "செட்டு கேடாக்கும்! நிறுத்து!" என்று கமிட்டிக்காரர் ஒருவர் மேடைக்கு ஓடிவந்தார். நான் பயந்து சுவிட்சைத் திரும்ப மிதித்துவிட்டேன். சத்தம் சரியானது. அண்ணன் வந்து ஏதோ ஒயரைத் தொட்டுச் சரிசெய்வது போலப் பாவனை செய்துவிட்டுப் போனார்.

ராத்திரி கணக்கு முடிக்கும்போது, கேடான செட் கொண்டுவந்தார் என்று சொல்லி அவர் கூலியில் பாதியைப் பிடித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். "செட்டுல ஒண்ணும் இல்ல, அது நான் செஞ்ச பெட்டி" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. அடுத்த கானமேளாவுக்கு எங்களைக் கூப்பிடமாட்டார்களே என்ற பயம். அவரும் சொல்லவில்லை. ஒயரைச் சுருட்டி வண்டியில் ஏற்றினார், அவ்வளவுதான்.

நாஷ்வில் கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்த ராத்திரி ஞாபகம் வரும். அங்கேயும் செட்டு கேடுதான். ஆனால் "இருக்கட்டும்" என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது. இங்கே சொல்லவேண்டிய ஆள் நான்.

1997ல் நான் அமெரிக்கா கிளம்பியபோது அண்ணன் கடைக்குப் போனேன். அப்போதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஒரு தீப்பெட்டியைக் கையில் வைத்தார். உள்ளே பஞ்சில் ஆறு ஓஏ79. "அங்க சிலிக்கன்தான் கிடைக்கும்" என்றார். இன்று அவர் இல்லை. கடை இருந்த இடத்தில் செல்ஃபோன் கடை. 2003ல் திருவனந்தபுரத்தில் அவியல் குழு தொடங்கி, மலையாளத்தில் கரகரக்கும் கிடாரோடு பாடி ஊரே கொண்டாடியபோது, முன்வரிசையில் காதைப் பொத்தியவர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு முழுதாக வரவில்லை.

போன வாரம் செய்த பெட்டியில் ஒரு பக்கம் ஓஏ79, ஒரு பக்கம் சிலிக்கன். மகள் அதைப் பள்ளிக்கூட நிகழ்ச்சியில் மிதித்தாள். ஒலி பார்த்துக்கொண்டிருந்த தன்னார்வலர் பதறிப்போய் ஸ்பீக்கரை நோக்கி எழுந்தார். நான் அவர் தோளைத் தொட்டு, "உங்கள் ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. அது நான் செய்த பெட்டி" என்றேன்.

தீப்பெட்டியில் இன்னும் ஐந்து இருக்கின்றன.