குழாயைத் திறந்த கை: நகரசபை நாற்காலியில் மூவர்

தமிழ் நாவலின் வரலாற்றைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவ்வூரில் முன்சீப்பாகப் பணியாற்றியவர் என்பதே அது. ஓய்வுக்குப் பின் அவர் மாயூரம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார் என்பதைப் போகிற போக்கில் சொல்லிக் கடந்துவிடுவோம். நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்தோம். ஒருநாள் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “நகரசபைத் தலைவர் என்றால் அந்தக் காலத்தில் என்ன வேலை ஐயா?” என்று கேட்டார். சொல்ல முற்பட்டபோதுதான் நம்மிடம் விடை இல்லை என்பது நமக்குத் தெரிந்தது. அக்கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றதன் பயனே இக்கட்டுரை.

சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டும் குடவோலை முறையும் நம் மேடைகளில் முழங்காத நாளில்லை. ஆனால் நம் தாத்தாக்கள் வரி கட்டிய, நம் பாட்டிமார் குழாயடியில் காத்துநின்ற முனிசிபாலிட்டியின் வரலாற்றை நாம் திரும்பிப் பார்ப்பதேயில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏரி வாரியம் நமக்குப் பெருமை. நேற்றைய நகரசபையோ குப்பையும் சாக்கடையும். இந்த மனப்பாங்கு வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பு மட்டுமன்று, இலக்கியத்துக்கும் நேர்ந்த இழப்பு என்றே கருதுகிறோம்.

சென்னை மாகாணத்தின் வெளியூர் நகரங்களில் நகரசபைகள் பரவலாகத் தோன்றியது 1865ஆம் ஆண்டின் நகர அபிவிருத்திச் சட்டத்தால்தான். மாயூரம், சேலம் ஆகிய ஊர்கள் 1866இல் நகரசபை பெற்றன. ஈரோடு 1871இல் பெற்றது. தொடக்கத்தில் இச்சபைகள் மக்களுக்காக ஏற்பட்டவை என்று சொல்வது கடினம். ஊர்க் காவலுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதியை ஊராரிடமே வரியாகத் திரட்டிக்கொள்ள அரசு கண்ட வழி அது. உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள். தலைமையிலும் அரசு அதிகாரிகளின் கையே ஓங்கியிருந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் காவல் செலவை நீக்கி, கல்வியையும் மருத்துவத்தையும் நகரசபையின் தோளில் ஏற்றியது. 1882 மே மாதம் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம்தான் ஒரு புதிய எண்ணத்தை முன்வைத்தது. உள்ளூர் ஆட்சி மக்களின் கையில் வந்தால் நிர்வாகம் உடனே சிறந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. மக்கள் அரசியல் பயில அது ஒரு பள்ளியாக அமையும் என்றார். அதன் பயனாக வந்த 1884ஆம் ஆண்டுச் சட்டம், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு வரையில் தேர்தல் வழியாக வர இடமளித்தது. வாக்குரிமை வரி செலுத்துவோர்க்கே. எனவே அந்தப் பள்ளியில் சேர்ந்தவர்கள் வக்கீல்களும் வணிகர்களும் நிலக்கிழார்களுமே.

இச்சபையின் அன்றாடம் எப்படி நடந்தது? விடியலுக்கு முன் தெருக்கூட்டுவோர் வரிசையில் நிற்பார்கள்; சுகாதார மேஸ்திரி பெயர் வாசித்து ஆள் கணக்கு எடுப்பார். எடுப்புக் கக்கூஸ்களின் கழிவைச் சுமந்து வண்டியில் ஏற்றுவோர் ஊர் விழிக்கும் முன்பே சந்துகளில் நடமாடி மறைந்துவிட வேண்டும். பிறகு அம்மை குத்துவோர், பிறப்பு இறப்புக் கணக்கு எழுதுவோர், ஆட்டுத் தொட்டியில் இறைச்சிக்கு முத்திரை இடுவோர், சந்தையில் சுங்கம் வசூலிக்கும் குத்தகைக்காரர், தெருவில் திரியும் மாடுகளைப் பவுண்டில் அடைப்போர் என ஒவ்வொருவராகப் பணியில் இறங்குவார்கள். மாலையில் ஏணியும் எண்ணெய்ப் பாத்திரமும் சுமந்து விளக்கேற்றுவோர் வருவார்கள். நிலவு காயும் இரவுகளில் தெருவிளக்கு ஏற்றாமல் எண்ணெயை மிச்சப்படுத்திய ஊர்கள் பல. நம் கவிஞர்கள் பாடிய நிலவு நகரசபைக் கணக்கில் ஒரு சிக்கனச் செலவினம் என்பதை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, சற்று வருத்தமும் வருகிறது.

மாதந்தோறும் கூடும் சபையின் முன் வைக்கப்பட்டவையும் இவைபோன்ற சிறு விஷயங்களே. ஒருவர் வீட்டுவரி மிகுதி என்று மேல்முறையீடு செய்வார். இன்னொருவர் திண்ணையைத் தெருவுக்குள் நீட்டியிருப்பார். சாலையோரப் புளியமரங்களின் காய் ஏலத்துக்கு வரும். சாக்கடையை எந்தத் தெருவின் வழியே திருப்புவது என்பதில் இரண்டு உறுப்பினர்கள் மோதிக்கொள்வார்கள். வருவாயோ வீட்டுவரி, தொழில்வரி, வண்டிவரி, சந்தைக் கட்டணம், சுங்கச்சாவடி வசூல் ஆகியவற்றுக்குள் அடங்கியது. அச்சுங்கச்சாவடிகளும் 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது எடுக்கப்பட்டன. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டால் மருத்துவமனைக்கு மருந்து குறையும் என்ற நிலை. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று முடிவு செய்வதே நகரசபையின் உண்மையான வேலை.

இந்தப் பின்னணியில் வேதநாயகம் பிள்ளையை மீண்டும் நோக்குவோம். நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலம் அறியாத மக்களுக்கும் விளங்க வேண்டும் என்று, 1862 அளவிலேயே அவற்றைத் தமிழில் தொகுத்து ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டவர் அவர். பெண்கல்விக்காக 1869இல் ‘பெண்மதி மாலை’ பாடியவர். 1870களின் பெரும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு உணவிட்டவர். சட்டமும் ஊர் நிர்வாகமும் சாமானியனின் மொழியில் இருக்க வேண்டும் என்ற அவருடைய கவலை நாவலாசிரியரின் கவலை மட்டுமன்று. வழக்காட வந்தவர்களின் முகங்களைப் பல ஆண்டுகள் நேரில் கண்ட ஒருவரின் கவலை அது. தமிழின் முதல் நாவல் நீதிமன்றத்துக்கும் நகரசபைக்கும் இடையே நடமாடிய ஒரு வாழ்க்கையிலிருந்து வந்தது என்பது தற்செயல் அன்று.

அவர் மறைந்தது 1889இல். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், கொங்குப் பகுதியில் இரண்டு ஊர்களில் இருவர் ஏறக்குறைய ஒரே காலத்தில் நகரசபைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். ஈரோட்டில் மண்டிக்கடை வணிகர் ஈ.வெ. ராமசாமி, சேலத்தில் வழக்கறிஞர் சி. ராஜகோபாலாச்சாரி. பிற்காலத்தில் தமிழகத்தின் இரு துருவங்களாக நின்ற இவ்விருவரின் நட்பு தொடங்கிய காலம் அதுவே. ஒருவர் கடவுள் மறுப்பாளராகவும் மற்றவர் இதிகாசங்களை எளிய தமிழில் எழுதியவராகவும் ஆவதற்கு முன்னால், இருவரும் குடிநீரைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் கவலைப்பட்ட இரண்டு ஊர்த் தலைவர்கள்.

ஈரோட்டில் பெரியார் செய்த பணிகளில் முதன்மையாகச் சொல்லப்படுவது, காவிரி நீரைக் குழாய்வழி ஊருக்குள் கொண்டுவந்த குடிநீர்த் திட்டம். அடுத்தது தெருக்களை அகலப்படுத்தியது. கடைவீதி ஆக்கிரமிப்புகளை அகற்றுவது எவ்வளவு கசப்பான வேலை என்பதைச் சிற்றூர்க் கடைவீதியை அறிந்த எவரும் உணர்வர். இடிக்கப்படும் தாழ்வாரத்தின் உரிமையாளர் நாளை சந்தையில் நம்முடன் பேரம் பேச வேண்டியவர். நேற்று நம் வீட்டுத் திருமணத்தில் மொய் எழுதியவர். அந்தப் பகையைத் தாங்கிக்கொண்டுதான் தெரு அகலமாயிற்று. 1919இல் பெரியார் தலைவர் பதவியைத் துறந்து காங்கிரஸில் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1924இல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றார். தெரு என்பது அளவிடக்கூடிய, உரிமை கொண்டாடக்கூடிய, போராடிப் பெறக்கூடிய பொதுச் சொத்து என்பதை ஈரோட்டு நகரசபையில் கற்றவர் அவர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

சேலத்துக் கதை இன்னும் நுட்பமானது. 1911இல் நகரசபை உறுப்பினரான ராஜாஜி, 1917 முதல் 1919 வரை தலைவராக இருந்தார். குழாய்த் தண்ணீரைத் தெருத் தெருவாகக் குறித்த நேரத்தில் திறந்துவிட ஓர் ஊழியர் இருப்பார். அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் அந்தப் பணியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அமர்த்தப்பட்டதையும், அக்கிரகாரத்தார் அதனை எதிர்த்ததையும், தாமும் அதே சமூகத்தைச் சேர்ந்த தலைவர் விட்டுக்கொடுக்க மறுத்ததையும் ராஜாஜியின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அந்நகரசபைக்கு முதன்முதலாகத் தாழ்த்தப்பட்டவர் ஒருவர் உறுப்பினராக வந்ததும் அவர் முயற்சியால்தான்.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்க வேண்டும். கிணறு சாதியோடு ஒத்துப்போகும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கிணறு வெட்டிக்கொள்ளலாம், மற்றவர் அண்டாமல் காவலும் வைக்கலாம். குழாய் அப்படியன்று. ஒரே ஏரியின் நீர் ஒரே இரும்புக் குழாயில் எல்லாத் தெருக்களின் அடியிலும் ஓடுகிறது. நீரைத் தொடாமல், தெருவிலுள்ள இரும்புச் சாவியை மட்டும் திருகும் கைகூடத் தீட்டு என்று சொல்ல நேர்ந்தபோது, அந்தச் சொல் தன் அபத்தத்தைத் தானே வெளிப்படுத்தியது. பெரிய மாநாடுகளில் தீண்டாமையைக் கண்டித்துத் தீர்மானம் போடுவது எளிது. நாளைக் காலை ஆறு மணிக்குக் குழாயை யார் திறப்பது என்று முடிவு செய்வது கடினம். முதலாவது தீர்மானத்தைக் கைதட்டி வரவேற்பார்கள். இரண்டாவதற்கு வாசலில் வந்து சண்டை போடுவார்கள்.

ஆயினும் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதிவிட மனம் ஒப்பவில்லை. குழாய் பெரும்பாலும் வரி செலுத்துவோரின் தெருக்களுக்கே முதலில் சென்றது; சேரிகளுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்று சென்னைச் சட்டமன்றம் 1924இல் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். அதிகாலைச் சந்துகளில் கழிவு சுமந்தவர்களின் பணியைச் சட்டம் தடைசெய்ய 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் போதாமல் 2013இல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. நகரசபை இவர்கள் உழைப்பின்றி ஒருநாளும் நடந்ததில்லை. நெடுங்காலம் சபைக்குள் இவர்களுக்கு இருக்கையும் இருந்ததில்லை.

மொழியிலும் இத்தகைய இடைவெளி இருந்தது. சபையின் கோப்புகளும் தீர்மானங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. மக்கள் அதனை முனிசிபாலிட்டி என்றார்கள். அதன் மனிதர்கள் சேர்மன், கவுன்சிலர், ஓவர்சியர், பில் கலெக்டர் என்றே வழங்கினார்கள். நகர பரிபாலன சபை, நகராண்மைக் கழகம், நகரசபை, நகராட்சி என ஒரே அமைப்புக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் பிறந்தன. ராஜாஜி 1916இல் நண்பருடன் சேர்ந்து சேலத்தில் தமிழ் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவியதை இத்துடன் இணைத்துப் பார்க்கலாம். நகரசபை மேசைக்கும் அச்சங்கத்துக்கும் இடையே நடந்தவருக்குச் சொல்லின் தேவை ஏட்டளவில் தோன்றியதன்று.

1920களில் அலகாபாத்தில் நேருவும் அகமதாபாத்தில் வல்லபாய் படேலும் கல்கத்தாவில் சித்தரஞ்சன் தாசும் நகர நிர்வாகத்தின் தலைமையில் அமர்ந்தனர். ரிப்பன் சொன்ன அந்தப் பள்ளியில் ஒரு தலைமுறையே பயின்றது எனலாம். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டம், பல திருத்தங்களுடன், நூறாண்டுக்கு மேலாக நம் நகரங்களை ஆண்டது. 2023இல்தான் அதன் இடத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் தொடர்ந்து இருந்தது. சபைதான் தொடர்ந்து இருக்கவில்லை. 1970களில் தமிழக நகராட்சிகள் தேர்தலின்றிக் கிடந்தன. 1986இல் தேர்தல் வந்தது. அதற்கடுத்த தேர்தல் 1996இல்தான். ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல் கட்டாயம் என்று அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் விதித்த பின்னும், 2016 அக்டோபரில் முடிந்த சபைகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் புதிய உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலம் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள்.

அந்தக் காலத்திலும் குழாயில் தண்ணீர் வந்தது, குப்பை அள்ளப்பட்டது, வரிச்சீட்டு வந்தது. ஆனால் தண்ணீர் வராத நாளில் எந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்பது என்று நம் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. கவுன்சிலர் என்பவர் நல்லவரோ கெட்டவரோ, நம் தெருமுனையில் தேநீர் குடிக்கும் மனிதர். அவரைத் திட்டலாம், அடுத்தமுறை தோற்கடிக்கலாம். அலுவலர் திறமைமிக்கவராயினும் இவ்விரண்டும் அவரிடம் நடவா. சேலத்து அக்கிரகாரத்தாரின் எதிர்ப்பு தவறானதுதான். ஆனால் அவர்கள் எதிர்ப்புச் சொல்ல ஒரு தலைவர் ஊரிலேயே இருந்தார். அவரும் மறுமொழி சொல்லத் தம் ஊரார் முன் நின்றார். அந்த மோதலில்தான் ஊர் ஓர் அடி நகர்ந்தது.

அந்தப் பின்வரிசை மாணவருக்கு நாம் காலம் தாழ்த்திச் சொல்லும் விடை இதுதான். எந்தத் தெருவில் முதலில் விளக்கு எரிய வேண்டும், குழாயை எந்தக் கை திறக்க வேண்டும் என்று முடிவு செய்வதும், அந்த முடிவுக்காக மறுநாள் காலை அதே தெருவில் நடந்து செல்வதுமே நகரசபைத் தலைவரின் வேலை.