கடல் கடந்து வந்த மெட்டு

சுங்கை சிப்புட் தோட்டப் பள்ளிகளில் நாட்டுப்பண்ணை அடுத்து மாநிலப் பண் பாடுவர். சொற்கள் வேறு, மெட்டு ஒன்றே! இதன் வரலாறு அறியத்தக்கது.

1875ஆம் ஆண்டு ஆங்கில ரெசிடெண்டு பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதில் பங்குண்டு எனக் குற்றஞ்சாட்டிப் பேராக் சுல்தான் அப்துல்லாவை 1877இல் சீசெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினர். ஆங்கிலேயர் ஆண்டபோதும் பிரெஞ்சுப் பாட்டு வழங்கிய தீவுகள் அவை. ஆங்குக் கேட்ட மெட்டே பின்னர்ப் பேராக் அரச வாழ்த்தாயிற்று என்பது வழிவழி வரும் செய்தி.

அம்மெட்டு அரண்மனையோடு நிற்கவில்லை. பங்சாவான் நாடக மேடையில் 'தெராங் புலான்' என்னும் காதற்பாட்டாயிற்று. 1947இல் பிரிட்டனில் ஒரு குழு ஹவாய்ப் பாணியில் 'மாமுலா மூன்' என இசைத்தட்டாக்கியது. அரசரை வாழ்த்திய மெட்டு அயல்நாட்டுக் கடைச்சரக்காயிற்று!

1957இல் விடுதலை நெருங்கியது. நாட்டுப்பண்ணுக்கு உலகப் போட்டி வைத்தனர். 514 மெட்டுகள் வந்தும் ஒன்றும் பொருந்தவில்லை. வில்லியம் வால்டன், ஜூபிர் சைட் போன்ற இசைவாணரை வேண்டியும் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு நிறைவுறவில்லை. முடிவில் பேராக் பண்ணின் மெட்டையே தேர்ந்து, புதிய சொல் அமைத்து, 'நெகாராகூ' என்றனர்.

அயல் மெட்டு நாட்டுப்பண்ணாகலாமா எனச் சிலர் குறை கூறுவர். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டிலேயே அம்மையைப் பாடியதை அவர் அறியார் போலும். மெட்டின் உரிமை பிறப்பிடத்தால் மட்டும் அமைவதன்று. பாடுவோர் பழக்கத்தாலும் அமைவது. 1990களின் தொடக்கத்தில் நெகாராகூவை அணிவகுப்பு நடையாக விரைவுபடுத்தினர். 2003இல் பழைய நடைக்கே திரும்பினர்.