செங்கத்துத் தூம்பும் கொம்பும்

நம் செங்கத்தின் இசைப்பெருமை நேற்று வந்ததன்று. செங்கண்மா நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. அதன் தொடக்கத்தே கூத்தர் சுமந்துசென்ற கருவிகளுள் களிற்றுயிர்த்தூம்பும் ஒன்று. யானை பெருமூச்செறிந்தாற்போல ஒலிப்பதென்பது பெயராலேயே விளங்கும். கணுவிடைத் திறந்ததெனப் புலவர் பெருங்கௌசிகனார் கூறுதலின் அது மூங்கிலாதல் கூடும். பித்தளையென வலிந்து பொருள்கோடல் வேண்டா.

இக்காலக் கொம்போ, பித்தளை அல்லது வெண்கலத் துண்டுகளைப் பொருத்தி வளைத்துச் செய்யப்படுவது. அதற்கு விரல் வைக்கும் துளையில்லை. இதழும் மூச்சுமே சுரத்தை ஏற்றி இறக்கும். மேனாட்டு டிரம்பெட்டும் 19-ஆம் நூற்றாண்டில் வால்வு பொருத்தப்படுமுன் இங்ஙனமே ஒலித்தது.

இவ்வட்டாரத்து முதிய கொம்பூதி ஒருவர், சாமி புறப்பாட்டில் தாம் எழுப்பிய ஓசை மலைச்சாரலில் எதிரொலித்ததைச் சொல்லிவந்தவர், இடையே நிறுத்தி, "முன்பல் போன அன்றே கொம்பும் ஊமையாயிற்று, ஐயா" என்றார். பரணிற் கிடந்த கொம்பை இப்பொழுது அவர்தம் பேரன் புளியிட்டுத் துலக்குகின்றான். கிழவர் வாய்ச்சொல்லாலேயே மூச்சடக்கப் பயிற்றுகின்றார்.