காரைக்காலில் வீதியும் தெருவும்: ‘ஸ்ட்ரீட்’ என்னும் சொல்லின் தமிழ் வழக்கு

‘ஸ்ட்ரீட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தெரு, வீதி ஆகிய இரண்டும் தமிழில் இணையாக வழங்குகின்றன. அவ்விரண்டும் ஒருபொருட் சொற்கள் எனக் கொள்ளும் பொதுக்கருத்தைக் காரைக்காலின் பெயர் வழக்கு ஏற்க இடந்தரவில்லை.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை, ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த இடைக்காலங்கள் நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியின் நிருவாகச் சொல் ‘ரூ’. ‘ஸ்ட்ரீட்’ கல் பாவிய வழியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ரூ’வின் மூலமோ சுருக்கம், மடிப்பு எனப் பொருள்படுவது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் ‘ரூ’வுக்கு இணையாக நிலைபெற்றது வீதியே. புதுச்சேரியின் துய்ப்ளெக்ஸ் வீதி பின்னர் நேரு வீதியாயிற்று. ஆளுநரின் பெயர் நீங்கியது, வீதி நீங்கவில்லை. காரைக்காலிலும் மாதா கோயில் வீதி, லெமேர் வீதி என்பனவே வழக்கு.

இத்தேர்வைப் பிரெஞ்சுத் தாக்கம் என்று மட்டும் கூறுவது பொருந்தாது. இலங்கையில் ‘ரோடு’ என்பதற்கே வீதி அலுவல்முறைச் சொல். வீதி அபிவிருத்தி அதிகார சபை என்னும் பெயரே சான்று. கொழும்பின் செட்டியார் தெருவோ தெருவாகவே நிற்கிறது. காவிரிப் படுகைச் சிற்றூர்களில் தெரு என்பது வழியைவிடக் குடியிருப்பையே முதன்மையாகச் சுட்டும். தஞ்சைச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட நூல் அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்னும் சாதிவழிப் பிரிவினையை விரிவாகக் காட்டுகிறது. ‘மேலத்தெருவார்’ என்றால் அது திசையன்று, ஆட்கள். வீதி இறைவன் உலாப் போகும் வழி. ஆனி மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வருவது வீதியுலா. அதனைத் தெருவுலா என்பாரில்லை. (கூத்துக்குத் தெரு உரியதாயிற்று என்பதும் எண்ணத்தக்கது.) எல்லாரும் கடந்து செல்லும் நகர வழிக்கு, குடிப்பெயர் ஒட்டாத சொல்லாக வீதி ஏற்புடையதாயிற்று எனக் கருத இடமுண்டு.

இவ்வேறுபாடு தொன்றுதொட்டு இறுகியதன்று. காரைக்காலுக்கு வடக்கேயுள்ள புகாரைப் பாடும் சிலப்பதிகார இந்திரவிழவூரெடுத்த காதையில் வீதி, மறுகு, தெரு மூன்றும் கலந்தே வருகின்றன.

சாலையின் வரலாறு வேறு. மண்டபம், அறக்கூடம் எனப் பொருள்பட்ட அச்சொல் நெடுவழியைக் குறித்தது பிற்கால வளர்ச்சி. கோவைச் சுந்தக்காமுத்தூர்க் கல்வெட்டு வழங்குவது பெருவழி என்பதையே. காரைக்காலின் பாரதியார் சாலை, திருநள்ளாறு சாலை ஆகியவற்றில் அது ‘ரோடு’க்கு இணை.

1954க்குப் பின் ஆங்கிலம் அலுவல்மொழியானதும் ‘ரூ’வின் இடத்தை ‘ஸ்ட்ரீட்’ பெற்றது. அவ்வாங்கில ஆவணங்களிலிருந்து மீண்டும் தமிழாக்குவோர் அதனைத் தெரு என எழுதும்போது, ‘ரூ’ வீதியான வரலாறு ஆவணத்திலிருந்து மறைகிறது. அப்பெயரைத் தாங்கி நிற்பவை பழைய பெயர்ப்பலகைகளும் மக்கள் பேச்சுமே.