மண்டபம் கேம்ப் முதல் மஞ்சள் அட்டை வரை: கடல்கடந்த தொழிலாளரின் நோய்த்தடுப்பு வரலாறு

ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடொன்றில் வேலை பார்த்துவிட்டு, மஞ்சள் அட்டை எனப்படும் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்புபவரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதே மனிதர் அங்கே இருந்தபோது மலேரியா மாத்திரை உட்கொண்டாரா, கொசுவலைக்குள் படுத்தாரா என்று எந்த விமான நிலையத்திலும் எவரும் கேட்பதில்லை. அவருக்கு அங்கே வருவதற்கு அதிக வாய்ப்புள்ள நோயோ மலேரியாதான். இந்த முரணை அதிகாரிகளின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. வேலை தேடிக் கடல் கடப்போருக்கான நோய்த்தடுப்பு விதிகள், தொழிலாளியிடமிருந்து பிறரைக் காக்கவே முதலில் வகுக்கப்பட்டன. தொழிலாளியைக் காப்பது அவற்றில் பிறகு ஒட்டிக்கொண்ட நோக்கம். தமிழகத்திலிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆட்கள் போன வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

19ஆம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்காக, ஆள்சேர்க்கும் கங்காணிகளோடு மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை, கண்டி நோக்கி நடந்தவர்கள் காலராவாலும் பெரியம்மையாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தார்கள். அந்தச் சாவுகளைவிட, அவர்கள் நடந்துபோன பாதையோரக் கிராமங்களுக்கு நோய் தொற்றியதே ஆட்சியாளரை அதிகம் கலங்க வைத்தது. 1896இல் பம்பாயில் பிளேக் வெடித்தபின் கெடுபிடி இறுகியது. தூத்துக்குடி அருகே தட்டப்பாறையிலும், 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் ரயில்-கப்பல் பாதை திறந்தபின் மண்டபத்திலும், இந்திய மண்ணிலேயே இலங்கை அரசு முகாம் நடத்தியது. தோட்டத்துக்குப் போகும் ஆட்களை அங்கே சில நாள் நிறுத்தி வைத்தார்கள், அம்மை குத்தினார்கள், உடுதுணிகளை ஆவியில் வேகவைத்தார்கள். பெரியம்மைக்கு எதிராகக் குத்திய அம்மைப்பால் குத்திக்கொண்டவரையும் காத்தது, உண்மைதான். ஆனால் முகாமின் கணக்கில் அவர் பயனாளி அல்லர், சந்தேகத்துக்குரியவர். மண்டபத்தில் கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுத்தார்களே, அது தொழிலாளி நலம் இல்லையா என்று கேட்கலாம். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி உழைக்கும் வலுவைக் குறைக்கும். சோகை பிடித்த ஆள் நிறைய கொழுந்து பறிக்க மாட்டார். ஆக, அந்த மருந்திலும் தோட்டத்தின் கணக்கு இருந்தது.

மலாயாவுக்குப் போனவர்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்கள் வழியே போனார்கள். பினாங்கு சேர்ந்ததும் மீண்டும் தனிமைத் தீவு. இத்தனை வடிகட்டலுக்குப் பின்னும் ரப்பர்த் தோட்டங்களில் அவர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். மோசமான சில தோட்டங்களில் ஓராண்டுக்குள் பத்தில் ஒருவருக்கு மேல் செத்ததை அக்கால அரசு அறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன. கொன்ற முதன்மை நோய் மலேரியா. அது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்தது. அதைத் தடுக்கும் வழி அப்போது தெரியாதா? ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டுவிட்டார். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், அவ்வாண்டு திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை மலேரியா முடக்கியதைக் கண்டு, சதுப்பை வடித்துக் காட்டை வெட்டச் செய்தார். நோய் விரைவில் தணிந்தது. ஆனால் அதே வைத்தியம் மலைச்சரிவுத் தோட்டங்களில் எதிர்விளைவைத் தந்தது. கடலோரத்தில் நோய் பரப்பிய கொசு நிழல் விரும்பி. மலையில் பரப்பிய கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. ரப்பர் நடக் காட்டை அழித்தபோது நீரோடைகளுக்கு வெயில் கிடைத்தது, காய்ச்சல் பெருகியது. வாட்சன் அங்கே ஓடைகளை நிலத்தடிக் குழாய்களுக்குள் விடவும், நீர்மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. இந்தப் பாடம்தான் மலாயா தந்த பெருங்கொடை என்பேன்: மலேரியாத் தடுப்பு பயணியின் உடம்பைவிட அவர் வேலை செய்யும் மண்ணைச் சார்ந்தது. அதனாலேயே அது செலவு பிடித்தது. ஓர் ஊசிக்கு ஆகும் காசு அற்பம். வடிகால் வெட்டும் செலவு தோட்டத்தின் இலாபத்தைக் கடித்தது. கொயினா மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்த துரைமார்களே அதிகம்.

மலேரியா போன்ற, தடுப்பூசி இல்லாத நோய்க்குச் சான்றிதழ் எப்படிக் கேட்பது என்பது வலுவான மறுப்பு. அதைப் பாதிதான் ஏற்க முடியும். மஞ்சள் காய்ச்சல் குறித்த அச்சம் தடுப்பூசிக்கு முந்தியது. 1914இல் பனாமா கால்வாய் திறந்தபோதே ஆசிய அரசுகள் பதறின. வான்பயணத்துக்கான 1933 சுகாதார உடன்படிக்கை அந்த நோய்க்கெனத் தனி விதிகள் வகுத்தது. மாக்ஸ் தெய்லரின் 17டி தடுப்பூசி 1937இல்தான் வந்தது. இந்தியாவின் அச்சத்துக்குக் காரணமும் உண்டு. இங்கே அந்நோய் இல்லை; அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. 2016இல் அங்கோலாவிலிருந்து சீனா திரும்பிய 11 பேருக்கு மஞ்சள் காய்ச்சல் இருந்தது, இந்த அச்சம் வீணல்ல என்று காட்டியது. எனவே எல்லைச் சோதனை வேண்டாம் என்று வாதிடவில்லை. ஆனால் 1951இன் சர்வதேச விதிகளில் பிளேக், காலரா, பெரியம்மை, மஞ்சள் காய்ச்சல் உட்பட ஆறு நோய்கள் இருந்தன, மலேரியா இல்லை. 2007 முதல் நடப்பிலுள்ள விதிகளில் தடுப்பூசிச் சான்று கேட்கப் பெயர் சொல்லிக் குறித்த ஒரே நோய் மஞ்சள் காய்ச்சல். 2016 ஜூலை முதல் அச்சான்று ஆயுள் முழுதும் செல்லும். எல்லை தாண்டிப் பிற நாட்டை அச்சுறுத்தும் நோயே சட்டத்தின் கண்ணில் பட்டிருக்கிறது. வளைகுடா நாடுகள் வேலைக்கு வருவோரிடம் கேட்கும் உடற்தகுதிச் சோதனையும் இந்த மரபின் வாரிசே: காசநோயோ எச்ஐவியோ உள்ளவரை அது கழித்துக்கட்டும், போன இடத்தில் அவர் நலத்துக்கு அது பொறுப்பேற்காது.

வருடக்கணக்கில் தங்குபவர் தினமும் டாக்சிசைக்ளினோ வாரந்தோறும் மெஃப்ளோகுயினோ விழுங்கிக்கொண்டிருக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. சுற்றுலாப் பயணிக்கு எழுதிய அறிவுரை கட்டடத் தொழிலாளிக்குப் பொருந்தாது. 2021லும் 2023லும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரு மலேரியாத் தடுப்பூசிகளும் நோய் மிகுந்த பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கானவை; இங்கிருந்து போகும் பெரியவர்களுக்கு அவை இல்லை. அப்படியானால் வாட்சன் காட்டிய திசைக்கே திரும்ப வேண்டும்: முதல் மாதங்களுக்கு மாத்திரை, தங்குமிடத்துக்குக் கொசுவலைச் சன்னல், வேலைத்தளத்திலேயே இரத்தப் பரிசோதனையும் உடனடி மருந்தும், இவை அனைத்தும் முதலாளியின் செலவில், வேலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட கடமையாக. இந்திய அரசு ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளர் 18 நாடுகளுக்குப் போக முன் அனுமதி பெற வேண்டும் என்று பட்டியலிடப்பட்டது. ஆனால் அதில் இருந்த ஆப்பிரிக்க நாடுகள் லிபியா, சூடான், தென் சூடான் ஆகிய மூன்றே; மலேரியா மிகுந்த நைஜீரியாவும் காங்கோவும் அங்கோலாவும் அதில் இடம்பெறவில்லை.