வில்லியம்ஸ், சுனிதா (பிறப்பு 1965)

இந்திய வம்சாவளி அமெரிக்க விண்வெளி வீராங்கனை. தந்தை வழியில் குஜராத்தின் ஜூலாசன் கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். கடற்படையில் ஹெலிகொப்டர் விமானியாக இருந்து 1998இல் நாசாவுக்குத் தெரிவானார். முதற்பயணம் கிடைத்தது 2006 டிசம்பரில்தான். நீண்ட பணிக்காலத்தின் பெரும்பகுதி இப்படித் தரையிலேயே கழிவது வழக்கம்: 42 ஆண்டுகள் நாசாவில் இருந்து ஆறு முறை பறந்த ஜோன் யங்கும், 1983க்குப் பின் 2004இல் ஓய்வுபெறும்வரை விண்ணேறவே இல்லை.

2007 ஏப்ரலில், உடல் மிதந்துவிடாதபடி வார்களால் பிணைத்துக்கொண்டு, விண்வெளி நிலையத்தின் ஓடுபொறியில் பொஸ்டன் மரதனை ஓடி முடித்தார் சுனிதா. 2012இல் நிலையத்தின் தளபதியானார். 2024 ஜூனில் ஏறக்குறைய எட்டு நாள் பயணமாகத்தான் ஸ்டார்லைனரில் புறப்பட்டார். உந்துபொறிக் கோளாறும் ஹீலியக் கசிவும் ஏற்பட்டதால் அக்கலம் ஆளின்றித் திரும்பியது. அவர் 286 நாட்கள் கழித்து, 2025 மார்ச்சில், வேறு கலத்தில் வந்திறங்கினார். அப்போது வயது 59. கடைசிக்காலப் பயணமே அவரைப் பலரும் அறியச் செய்தது என்பது சற்று விசித்திரம்தான்.

சுனிதா தங்கியிருந்த, சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அந்த விண்வெளி நிலையம் இலங்கையின் ஊவா மாகாண வானிலும் கடந்துபோகும். மேகமில்லாவிட்டால், விடியலுக்குச் சற்று முன்னரோ அந்தி சாய்ந்த பின்னரோ, பதுளை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து மினுக்காமல் நகரும் ஒளிப்புள்ளியாக வெறுங்கண்ணுக்கே தெரியும்.

மூன்று பயணங்களில் ஒன்பது விண்நடைகளும் மொத்தம் 608 நாட்களும் சுனிதாவின் கணக்கில் உள்ளன. 2025 டிசம்பரில் ஓய்வுபெற்றார்.