மூளைக்குப் போகும் மலை ரயில்

கோயம்புத்தூர்க்காரர்கள் மே மாதம் பழக் கண்காட்சி பார்க்கக் குன்னூர் சிம்ஸ் பார்க்குக்குப் படையெடுப்பார்கள். பார்க் பக்கத்திலேயே இருக்கிற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டை எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பீர்கள்? ஒரு காலத்தில் சமவெளியிலிருந்து மலையேறிய பலருக்குக் குன்னூர் கோடை வாசஸ்தலம் இல்லை; உயிர்ப்பிச்சை கேட்டுப் போன இடம். அவர்களை நாய் கடித்திருந்தது!

ஏனுங்க, நாய் கடித்தது காலில்தானே? உயிர் ஏன் போகிறது?

ரேபிஸ் வைரஸ் ஒரு விசித்திரமான பயணி. பல கிருமிகள் ரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் ஊர் சுற்றும். இதற்கு ரத்தம் ஆகாது. கடிபட்ட தசையில் சில சமயம் வாரக்கணக்கில் பதுங்கியிருந்துவிட்டு, நரம்பு தசையைத் தொடும் இடத்தில் உள்ளே நுழைகிறது. நரம்புக்குள் சரக்குப் போக்குவரத்துக்கென்றே நுண்ணிய தண்டவாளங்கள் உண்டு. அதில் டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொள்கிறது. வேகம்? நாளொன்றுக்குச் சுமார் 5 முதல் 10 செ.மீ. நம்ம மேட்டுப்பாளையம் ரயில்கூட இதைப் பார்த்துச் சிரிக்கும்.

ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே மயிரிழையைவிட மெல்லிய இடைவெளி. அங்கேதான் செய்திகள் கைமாறும். வைரஸும் அதே இடத்தில்தான் தாண்டுகிறது, ஆனால் செய்தி வரும் திசைக்கு எதிர்த்திசையில். செல்லை உடைப்பதில்லை, கலாட்டா இல்லை. பி.காம். படித்த எனக்கு ஹவாலாதான் ஞாபகம் வருகிறது. எந்தக் கணக்கிலும் வராமல் சரக்கு கைமாறிக்கொண்டே இருக்கும். உடம்பின் காவல் படைக்குத் தகவல் கிடைப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

மூளைக்குள் வந்துவிட்டால் அப்புறம் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுக்கும். அங்கிருந்து மறுபடி நரம்பு வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கும், அடுத்த கடிக்குத் தயாராக! அறிகுறி தெரிந்தபின் பிழைத்தவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் மிகச் சொற்பம்.

இந்த ஆமை வேகம்தான் மனிதனுக்குக் கிடைத்த ஒரே சலுகை. வைரஸ் மூளைக்கு வருவதற்குள் தடுப்பூசி முந்திக்கொள்ள வேண்டும். 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மீஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் ஊசி போட வைத்தது இந்தக் கணக்கில்தான். பையன் பிழைத்தான்.

இந்தியாவில் முதல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1900-ல் இமயமலைச் சாரலில், கசௌலியில் வந்தது. கோவையில் நாய் கடித்தவர் கசௌலிக்குப் போவதென்றால்? நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி! 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் இந்த நோயில் இறந்துபோனார். தெற்கிலும் ஒன்று வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஆண்ட்ரூ கார்னகியின் இரும்புத் தொழில் கூட்டாளி ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையிலிருந்து 1 லட்ச ரூபாய் கிடைக்க, 1907 ஏப்ரல் 6-ல் குன்னூரில் கதவு திறந்தது. (வெள்ளைக்காரப் பெண் செத்தால்தான் ஆஸ்பத்திரி வருமா என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. எனக்கும் அந்த முணுமுணுப்பு உண்டு.)

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு தடுப்பூசி கண்டுபிடித்தார். அந்த வழியில் ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் கொன்று தயாரித்தார்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்களே, அதுதான். வலி மட்டுமல்ல, அதில் ஒரு விபரீதமும் இருந்தது. ஊசியோடு ஆட்டு மூளையின் கொழுப்பும் புரதமும் உள்ளே போவதால், அபூர்வமாகச் சிலருக்கு உடம்பின் காவல் படை சொந்த நரம்பையே தாக்கி, பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டது. கடித்தது வெறிநாயா, சாதாரண நாயா என்றே தெரியாமல் அந்த ஊசிக்கு வயிற்றைக் காட்டியவர்களை நினைத்துப் பாருங்கள்! 2004-ம் ஆண்டோடுதான் இந்தியா இதைக் கைவிட்டது. இப்போது செல்களில் வளர்த்த தடுப்பூசி, கையில்.

கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடி அப்பும் வைத்தியம்தான் இன்னும் ஒழியவில்லை. சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். வைரஸின் கொழுப்புச் சட்டையை சோப்பு கரைத்துவிடும். அப்புறம் ஊசிக்கு ஓடுங்கள்.

இந்தக் கொலைகாரனுக்கு ஒரு உத்தியோகமும் கிடைத்திருக்கிறது. 2007-ல் அமெரிக்காவின் சால்க் ஆய்வுக்கூடத்தில், வைரஸ் அடுத்த செல்லுக்குத் தாவ உதவும் ஒரு மரபணுவைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு தாவலோடு அது நின்றுபோகும்படி செய்தார்கள். போய் நின்ற செல் ஒளிரும். மூளையில் எந்த செல்லுக்கு எதோடு தொடர்பு என்று அதை வைத்துத்தான் இப்போது வரைபடம் போடுகிறார்கள்.